ஆறு ஆஜரில்லை

வண்டியூருக்குக் கிழக்கே, வைகைக் கரையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் கழிவுநீர்ச் சுத்தி போர்டு என்று ஒன்று உண்டாயிற்று. பட்டணத்துச் சாக்கடையை வாங்கி, சுத்தம் செய்து, ஆற்றில் விடுவது அதன் வேலை. வாங்குவதும் விடுவதும் ஒரு நாள் தவறாமல் நடந்தன. நடுவில் உள்ள வேலைதான் கொஞ்சம் பாக்கி. வட்டமான கல்படுகை ஒன்றின்மேல் இரும்புக் கை ஒன்று சுற்றிச் சுற்றிச் சாக்கடையைத் தூவ வேண்டும். திறப்பு விழாவன்று அரை மணி நேரம் சுற்றிவிட்டு அது நின்றுபோயிற்று. புதுக் கை சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. நாலு வருஷமாக வந்துகொண்டிருந்தது. பழைய கைக்குத் தினமும் எண்ணெய் போட இரண்டு பேர் இருந்தார்கள்.

போர்டுக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. ஒரு பங்கு சுத்தி நீரை ஆற்றில் விட்டால் அதோடு எட்டுப் பங்கு ஆற்றுநீர் கலக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர்கள் குளிர் தேசத்துக்காரர்கள். வருஷம் முழுக்க ஓடாத ஆறும் உலகத்தில் உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வைகையோ வெள்ளம் வந்தால் வரும், இல்லாவிட்டால் மாசக்கணக்கில் மணலாகவே கிடக்கும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் சூப்பிரண்டு வைகுண்டம். மூளைக்காரர். காலை பத்து மணிக்கு அவர் ஆஜர் பட்டியலோடு கரையில் வந்து நிற்பார். தண்ணீர் ஓடினால் 'ஆறு ஆஜர்' என்று எழுதுவார். எட்டுப் பங்கு விதி செல்லும். மணலாய்க் கிடந்தால் 'ஆறு ஆஜரில்லை' என்று எழுதுவார்; விதி செல்லாது.

"வராதவன் மேல எப்படி விதியைச் செலுத்துறது?" என்பார். அந்த வருஷம் ஆறு இருநூற்றுத் தொண்ணூறு நாள் ஆஜரில்லை. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று விளக்கம் கேட்டுக் கரையிலிருந்த புளியமரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கெடு முடிந்தும் பதில் வரவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார்கள்.

அந்தப் போர்டில் சங்கிலிக்கு வேலை கிடைத்தது. ஆற்றோடு ஒரு மைல் கிழக்கே போனால் ஓடைப்பட்டி, நாற்பது குடிசை. ஒருவருக்கும் காணி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, களத்து மேட்டில் கைகட்டி நின்று கூலி வாங்கியவர்கள். அந்த ஊரிலிருந்து காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் சங்கிலிதான். உத்தியோகத்தின் பெயர் 'பாட்டில் ஆள்'. திங்கட்கிழமை தோறும், போர்டின் மதகிலிருந்து ஆற்றில் விழும் சுத்தி நீரில் ஒரு பாட்டில் பிடித்து, அரக்கு வைத்து, பரிசோதனை அறையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் திங்கட்கிழமை சூப்பிரண்டு கண்ணாடிப் பாட்டிலைச் சங்கிலி கையில் கொடுத்து, "போய்த் தண்ணி கொண்டாடா. பெரிய ஐயாமார் பார்க்கணும்" என்றார். எதற்கு, ஏன் என்று சொல்லவில்லை. பாட்டில் ஆளுக்கு எதற்கு அதெல்லாம்?

சங்கிலி மதகடிக்குப் போனான். கறுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு, அழுகல் நாற்றத்தோடு தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவன் திகைத்துப் போய் நின்றான். பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே முறை இதுதான்: ஐயாமார் தண்ணீர் கேட்டால், பாத்திரத்தை மண் போட்டுத் தேய்த்து, நல்ல இடமாகப் பார்த்து மொண்டு, துணியில் வடிகட்டிக் கொண்டுபோய் வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும். இந்தக் கண்ராவியைப் பிடித்துக்கொண்டு போய் அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டுவதா? செருப்பால் அடிக்க மாட்டார்களா? வேலை முதல் நாளே போய்விடும்.

மதகுக்கு மேற்கே அரை மைலில் மேட்டுப்பட்டிக்காரர்களின் ஊற்று இருந்தது. ஆற்று மணலை முழங்கால் ஆழம் தோண்டினால் தண்ணீர் கசிந்து நிறையும், அதுதான் ஊற்று. மேட்டுப்பட்டி ஊற்றில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அங்கே ஓடைப்பட்டிக்காரன் நிழல்கூட விழக் கூடாது. ஆனால் அன்று சங்கிலி காக்கிச் சட்டையோடும் போர்டு முத்திரை போட்ட பாட்டிலோடும் போய் நின்றபோது, ஊற்றடியில் இருந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கி, "சர்க்கார் பாட்டிலா? பிடிச்சுக்க, பிடிச்சுக்க" என்றார்கள். பாட்டிலோடு போனால் சர்க்கார். பானையோடு போயிருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும். சங்கிலி பாட்டிலைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் பிடித்து, அரக்கு வைத்துக் கொடுத்தான். அவன் கையால் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஐயாமார், அந்தப் பாட்டிலை ஆளுக்கு ஆள் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மகிழ்ந்தார்கள். கண்ணாடிக்குத் தீட்டில்லை போலும்.

பிறகு வாரா வாரம் அதுவே நடந்தது. அவன் ஏமாற்றுவதாக ஒரு நாளும் நினைக்கவில்லை. சூப்பிரண்டின் ஜன்னலைத் திறந்தாலே அந்தக் கறுப்புத் தண்ணீர் தெரியும்; நாற்றம் தாங்காமல்தான் ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். கண்ணுக்கு முன்னால் ஓடுவதை எந்தப் பைத்தியக்காரனாவது பாட்டிலில் கேட்பானா? பூசைக்குத் தீர்த்தம் வைக்கிற மாதிரி ஏதோ சர்க்கார் சடங்கு என்று எண்ணிக்கொண்டான். போர்டுக்கோ நல்ல காலம். பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, தேசத்திலேயே சிறந்த சுத்தி நிலையம் என்று வெள்ளிக் கேடயம் வந்தது. சீமைக் கை வராமலே இவ்வளவு சுத்தம் என்றால் கை எதற்கு என்றுகூட ஒரு கூட்டத்தில் பேசினார்கள்.

இதற்கிடையில் ஓடைப்பட்டியில் என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். போர்டு வருவதற்கு முன்னால் அந்த ஊர் ஊற்றுத் தண்ணீர் இளநீராக இருக்கும். ஆறு ஆஜராகாத நாட்களில் மதகிலிருந்து விழுந்ததுதான் ஆறு. அது மணலுக்குள் இறங்கி, மெல்ல மெல்லக் கிழக்கே வந்தது. முதல் கோடையில் ஊற்றில் வாடை. இரண்டாம் கோடையில் எண்ணெய்ப் படலம். மூன்றாம் கோடையில் ஊருக்குள் பேதி நுழைந்து பதினோரு பேரைக் கொண்டுபோயிற்று. சங்கிலியின் மூத்த பிள்ளை முத்துக்கருப்பன், ஐந்து வயது, காலையில் ஓடி விளையாடியவன், விளக்கு வைப்பதற்குள் போய்விட்டான். அந்த வயிற்றெரிச்சலை எழுத எனக்குக் கை வரவில்லை. மிச்சம் இருந்தது மூன்று வயசுப் பெண் சோலை ஒன்றுதான்.

நாலாம் கோடையில் சோலைக்கும் வயிறு போக ஆரம்பித்தது. சங்கிலியின் பெண்டாட்டி தங்கப்பொண்ணு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நீ அந்த ஆபீசுலதான வேலை பாக்குற? காக்கிச் சட்ட எதுக்குப் போட்டுருக்க? எம் புள்ளைக்கு ஒரு வாய் நல்ல தண்ணிக்கு வழி கேக்க மாட்டியா? ஒண்ணத் தூக்கிக் குடுத்தது பத்தாதா?"

சங்கிலி பரிசோதனை அறைக்கு ஓடினான். அங்கே இருந்தவர் ஜலீல். பட்டணத்தில் கண்ணாடிச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம்; இவர் மட்டும் ரசாயனம் படித்துவிட்டு இந்தப் போர்டில் வந்து மாட்டிக்கொண்டவர். நல்ல மனுஷர். அவன் சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதிக் கொடுத்தார். 'போர்டு விடும் தண்ணீரால் ஓடைப்பட்டி ஊற்று கெட்டு ஜனங்கள் சாகிறார்கள், மகாராஜராஜஸ்ரீ ஐயா அவர்கள் கருணை செய்ய வேண்டும்' என்று மனு.

போர்டு கருணை செய்தது. இரண்டு தண்ணீரையும் பரிசோதித்துப் பார்க்க உத்தரவு போட்டது. ஓடைப்பட்டி ஊற்றிலிருந்து ஒரு பாட்டிலைச் சுகாதார இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு தானே பிடித்து வந்தார். மதகிலிருந்து வழக்கம்போல் சங்கிலி பிடித்து வந்தான். போர்டின் மேலே விசாரணை என்றதும் அவன் முன்னைவிடக் கவனமாக, பாட்டிலை மூன்று தடவை தேய்த்து, மேட்டுப்பட்டி ஊற்றை இறைத்துவிட்டுப் புதிதாகச் சுரந்ததைப் பிடித்தான். மனு போட்டிருக்கிற நேரத்தில் ஐயாமார் மனம் கோணக் கூடாது அல்லவா?

விசாரணைக் கூட்டத்தில் போர்டின் தலைவர் ராவ் சாகிப் இரண்டு பாட்டிலையும் மேஜைமேல் வைத்தார். ஒன்று பளிங்கு. ஒன்று கஷாயம்.

"கனவான்களே, நாம் ஆற்றில் விடுவது இது. ஒரு மைல் தாண்டி ஓடைப்பட்டியில் இருப்பது அது. நடுவில் என்ன நடக்கிறது? நாம் பாடுபட்டுச் சுத்தம் செய்து அனுப்பும் நீரை அந்த ஜனங்கள் அசுத்தம் செய்கிறார்கள். நாலு வருஷமாக நம் நல்ல பெயரைக் கெடுத்ததோடு, நம்மீதே மனுவும் போடுகிறார்கள். இருந்தாலும் நான் அவர்களைத் தண்டிக்க விரும்பவில்லை. அறியாதவர்கள். நம் சுத்தி நீரையே ஒரு குழாய் வழியாக அவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். அந்த ஊற்றுகளை மண் போட்டு மூடிவிடுவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். வாசலில் நின்ற சங்கிலிக்குப் பாதிதான் புரிந்தது. ஜலீலின் கையைப் பிடித்து இழுத்தான்.

"பாய், எந்தத் தண்ணிய எங்க ஊருக்குக் குழா போட்டு விடுறாக?"

"நீ கொண்டாந்த தண்ணியத்தாண்ணே. மதகுத் தண்ணி. அம்புட்டுச் சுத்தமா இருக்கே!"

"அய்யய்யோ! அது மதகுத் தண்ணி இல்ல பாய்!"

"என்னண்ணே சொல்றே?"

"அந்த நாத்தத் தண்ணிய எப்பிடி பாய் பெரிய மனுசர் கையில குடுக்குறது? நான் மேட்டுப்பட்டி ஊத்துலல்ல பிடிச்சாந்தேன்!"

"என்னிக்கு? இன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்குமேதேன்."

"யா அல்லா!" என்றார் ஜலீல். நாலு வருஷம், இருநூறு பாட்டில், இருநூறு அறிக்கை, ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்து. ஒருவன் மரியாதை தெரிந்தவனாக இருந்ததால் ஒரு வெள்ளிக் கேடயமே வந்துவிட்டது. ஜலீலுக்குப் பயம் இருந்தது, ஆனாலும் மனசாட்சியும் இருந்தது. சங்கிலியைக் கூட்டிக்கொண்டு சூப்பிரண்டிடம் போனார்.

சூப்பிரண்டு வைகுண்டம் நிதானமாகக் கேட்டார். கோபப்படவே இல்லை.

"ஏண்டா, நாலு வருஷமாப் பொய்த் தண்ணி குடுத்தேன்னு சொல்றே?"

"ஆமாங்கய்யா. தெரியாமச் செஞ்சுட்டேன்."

"அப்ப நீ பொய்யன். பொய்யன் பேச்சை நான் எப்படி நம்புறது? நீ இப்ப சொல்றது நிஜம்னா நீ பொய்யன். பொய்யன்னா இப்ப சொல்றதும் பொய். ஆகக்கூடி மதகுத் தண்ணி சுத்தம்."

ஜலீல் விடவில்லை. "ஐயா, இந்தச் சந்தேகமே வேணாம். ஜன்னலைத் திறந்து ஒரு தடவை பாத்துருங்க."

"ஜலீல், நீர் படிச்சவர். கண்ணால பாக்குறதெல்லாம் ருசுவாகுமா? பரிசோதனைக்கு வந்ததுதான் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே கிடக்கிறது பட்டியலில் சேராத வஸ்து." பிறகு, "சரி, நியாயம்னு ஒண்ணு இருக்கு. இவனே என் கண் முன்னால மதகுல ஒரு பாட்டில் பிடிக்கட்டும்" என்றார்.

பிடித்தான். கஷாயம் மாதிரிதான் வந்தது. ஜலீல் பரிசோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். மூன்று பேர் கமிட்டி அதை ஆராய்ந்தது. இந்தப் பாட்டில் முந்தைய இருநூறு பாட்டில்களோடு எந்த அம்சத்திலும் ஒத்துப்போகவில்லை என்றும், ஆகையால் இது போர்டின் தண்ணீராக இருக்க முடியாது என்றும், பாட்டில் ஆளின் கைபட்டு வழியில் கெட்டிருக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. ஜலீலை, அவர் கண்பார்வை சரியில்லை என்று எழுதி, மூன்று மாதச் சம்பளமில்லாத லீவில் அனுப்பினார்கள். அவர் புறப்படும்போது சங்கிலியிடம், "கொதிக்க வச்சாச்சும் குடுங்கண்ணே பிள்ளைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

சங்கிலிக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஓடைப்பட்டியில் குழாய் திறக்கும் அன்று, ஊர் ஜனங்கள் முன்னால், முதல் தம்ளர் தண்ணீரை அவன் குடித்துக் காட்ட வேண்டும். குடித்தால் வேலை உண்டு.

சித்திரை மாதம். ஆறு ஆஜரில்லை. முதல் வாரமே போர்டு ஆட்கள் வந்து ஓடைப்பட்டி ஊற்றுகளில் செம்மண்ணைக் கொட்டி மிதித்து, 'தோண்டினால் தண்டனை' என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். குழாய் திறப்பதோ பத்து நாள் கழித்து. தலைவருக்கு அன்றுதான் நல்ல நேரம். அந்தப் பத்து நாளும் ஜனங்கள் வண்டியூர்ப் பக்கம் போய், யார் யார் காலிலோ விழுந்து, ஆளுக்கு அரைக்குடம் கொண்டுவந்தார்கள். சங்கிலி ஒரு நாள் சர்க்கார் பாட்டிலோடு மேட்டுப்பட்டி ஊற்றுக்குப் போய்ப் பார்த்தான். இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் வரவே, "ஏண்டா, சர்க்காருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில்டா?" என்று கேட்டு விரட்டிவிட்டார்கள். முதல் தடவை பிடித்துவந்த பாட்டில் சோலைக்கு ஒரு பகலுக்குக்கூடப் போதவில்லை.

விழாவுக்குப் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, நாயனம் வைத்தார்கள். உச்சி வெயில். நாற்பது வீட்டு ஜனமும் காலிப் பானையோடு மண்ணில் உட்கார்ந்திருந்தது. குழாயைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒன்று புஸ்ஸென்று வந்தது. நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். சூப்பிரண்டு அதை ஒரு வெள்ளித் தம்ளரில் பிடித்து, சங்கிலியின் கையில் கொடுத்தார்.

சங்கிலி தம்ளரைப் பார்த்தான். ஜனங்களைப் பார்த்தான். முன்வரிசையில் தங்கப்பொண்ணு, அவள் மடியில் கண் செருகிக் கிடந்த சோலை. அவன் குடித்தால் எல்லோரும் குடிப்பார்கள். காக்கிச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கத்தினான்.

"இதக் குடிக்காதீக! இது பீத்தண்ணி! நாலு வருசமா நாந்தேன் வேற தண்ணியக் காமிச்சுட்டேன்! எம் மவன் இதுலதேன் செத்தான்! குடிக்காதீக!"

இரண்டு சேவகர்கள் அவன் வாயைப் பொத்தினார்கள். தலைவர் ராவ் சாகிப் கையை உயர்த்தி, கனிவோடு பேசினார்.

"மகாஜனங்களே, இந்த எளிய சேவகனின் பணிவைப் பாருங்கள். இந்த நீரின் மதிப்பை நாலு வருஷமாக அறிந்தவன் இவன். இவ்வளவு உயர்ந்த நீரை முதலில் தான் குடிப்பது தகாது என்று கூச்சப்படுகிறான். கூச்சத்தில் புத்தி தடுமாறி எதையோ உளறுகிறான். இப்படிப்பட்ட பணிவுள்ளவர்களை வளர்த்ததே இந்தப் போர்டின் சாதனை."

கூட்டத்தின் நடுவிலிருந்து சுந்தரம்மாள் எழுந்தாள். பேதியில் புருஷனையும் மகனையும் பறிகொடுத்தவள். இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லாதவள்.

"அப்ப நீங்க ஒரு வாய் குடிங்க சாமி. நாங்க பாத்துட்டுக் குடிக்கிறோம்."

ராவ் சாகிப் அசரவில்லை. கண் கலங்கக்கூடச் செய்தார்.

"அம்மா, எனக்கு ஆசை இல்லையா? ஆனால் இந்த நீர் உத்தரவுப்படி ஓடைப்பட்டிக்குச் சொந்தம். நான் பட்டணத்துக்காரன். ஏழைகளுக்கு உரியதில் ஒரு வாய் எடுத்தாலும் அது பாவம். என் தொண்டை வறண்டாலும் உங்கள் பங்கில் கைவைக்க மாட்டேன்."

மேடையில் இருந்த கனவான்கள் மெய்சிலிர்த்துக் கை தட்டினார்கள். தலைவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். சங்கிலியின் காக்கிச் சட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. வாழைமரங்கள்கூட வண்டியில் ஏறிப் போய்விட்டன.

குழாய் திறந்தபடி இருந்தது. வெகுநேரம் யாரும் அசையவில்லை. சங்கிலி வெறும் உடம்போடு குழாய்க்கு முன்னால் நின்று, "ஒருத்தரும் பிடிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஜனங்கள் அவன் சொன்னதை நம்பினார்கள். நம்பாமல் என்ன? மூக்கு இருக்கிறதே. பொழுது மேற்கே சாயத் தொடங்கியதும் பந்தல் நிழல் நகர்ந்துபோயிற்று. யாரோ ஒரு கிழவர் எழுந்து தன் பானையைக் கொண்டுவந்து வரிசைக்கு முதலில் வைத்தார். பிறகு இன்னொரு பானை. பிறகு இன்னொன்று. ஏழாவதாகத் தங்கப்பொண்ணு, பிள்ளையைச் சுந்தரம்மாள் மடியில் கிடத்திவிட்டு, வந்து நின்றாள்.

"ஏ புள்ள, நீயுமா? அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பிடிக்க வார?"

"ஊத்த மூடிப்புட்டாக. மேட்டுப்பட்டிக்குப் போனா அடிக்கிறாக. வண்டியூருக்கு இனி நடக்க எனக்குக் கால்ல சீவன் இல்ல. புள்ள காலையில இருந்து தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டுக் கெடந்தா. இப்பக் கேக்கக்கூட மாட்டேங்குறா." அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "நீ நெசத்தச் சொல்லிட்ட. சரி. இப்ப அவ வாயில நான் எத ஊத்தட்டும்? அதச் சொல்லு."

சங்கிலி ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். வரிசை நகர்ந்தது. தங்கப்பொண்ணு முந்தானையைப் பானை வாயில் கட்டி, அதன் வழியே பிடித்தாள். துணி கறுத்தது. பானை நிறைந்ததும் தூக்கப் பார்த்தாள். பத்து நாளாக வயிறார ஒன்றும் இல்லாத உடம்பு, தூக்க முடியவில்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து, இரண்டு கையாலும் பானையைத் தூக்கி, அவள் இடுப்பில் வைத்துவிட்டான்.